மஞ்சளில் பதிந்த சூரியன்

தைப்பொங்கலன்று காலையில் ஹரிசனும் சாருஜாவும் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஹரிசனின் அப்பா நாகேந்திரத்தின் பழைய வீடு அது. அவருடைய ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. வீடு இனி அவர்களுடையது. பால் காய்ச்சிக் குடிபுகும் கையோடு பொங்கலையும் பொங்கிவிடலாம் என்று சாருஜாதான் நாள் குறித்தாள்.

தங்கை ரஜனி வரவில்லை. இரண்டு பிள்ளைகளோடு மட்டக்குளியில் வாடகை அறையில் இருந்தாள். வீடு உனக்குத்தான் என்று அப்பா அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். ஆனால் கடைசியில் அவருடைய பெருவிரல் பதிந்த உறுதிப் பத்திரம், வீட்டை மகனுக்குக் கொடுத்தது. அதில் சாட்சிக் கையெழுத்து சாருஜாவுடையது.

பின்முற்றத்தில் பானை பொங்கி வழிந்தது. தாம்பாளம் தேடி மாமனாரின் இரும்புப் பெட்டியைத் திறந்த சாருஜாவுக்கு ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. விரல் மூட்டளவு உருளை, நடுவே துளை, சுற்றிவரச் செதுக்கல். பிள்ளையார் பிடித்து மிஞ்சிய மஞ்சளைத் தட்டி, அதன்மேல் உருட்டிப் பார்த்தாள்.

மஞ்சளில் பதிந்த படத்தில் தாடி வைத்த ஒருவர் ஆசனத்தில் இருந்தார். தோள்களிலிருந்து கதிர்கள். கையில் மரம் அரியும் வாளைப் போன்ற பல்வாள். எதிரே ஒரு கிழவர் கையுயர்த்தி நின்றார்.

கதிர்களைக் கண்டதும் அவளுக்கு மனம் நிறைந்தது. கல்லைப் படையலின் நடுவே வைத்துக் கற்பூரம் காட்டினாள். வீட்டுக்கு நீரே துணை என்று கும்பிட்டாள்.

ஹரிசன் வந்து பார்த்தான்.

"அதை எடு, சாரு."

"ஏனப்பா? சூரிய பகவான்தானே?"

அப்பா ஈராக்கில் ரோட்டு வேலை செய்த காலத்தில் கொண்டுவந்த கல் என்றான் அவன். அந்நாட்டின் பழைய சூரியக் கடவுள். ஷமாஷ் என்று பெயர். வானத்திலிருந்து எல்லாம் பார்ப்பதால் அவர்தான் நீதவான். சத்தியம் செய்வது அவர் முன்னால். இரவில் பூமிக்கடியில் போய்ச் செத்தவர்களின் முறைப்பாட்டையும் கேட்பாராம்.

"படையல் வச்சுக் கூப்பிட்டா வழக்கை எடுத்திடுவார் எண்டு அப்பா பகிடியாச் சொல்லுறவர்."

"எங்களுக்கென்ன வழக்கு?" என்று அவள் சிரித்தாள்.



உச்சிவெயில் ஏறியது. காகங்கள் அடங்கின. சூடான மண்ணின் மணம் வீடெங்கும் பரவியது. சுவருக்குள் எங்கோ மெல்ல ஒரு சத்தம்.

மரம் அரியும் சத்தம்.

பொங்கலன்று எந்த ஆசாரி வேலை செய்வான்? சாருஜா மாமா கிடந்த அறையை எட்டிப் பார்த்தாள். யன்னல்கள் பூட்டியிருந்தன. திரைகள் மூடியிருந்தன. ஆனால் வெறுங்கட்டிலின் மேல் வெயில் விழுந்து கிடந்தது.

முற்றத்துக்கு ஓடினாள். மஞ்சளில் பதிந்த கிழவர் இப்போது தனியாக நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ஆண்.

அவனுக்கும் பின்னால், முகம் குனிந்த ஒரு பெண்.

ஹரிசனும் அதைப் பார்த்தான். அப்பாவின் மூச்சு நின்ற பிறகுதான் அவருடைய பெருவிரலை மையில் தோய்த்து உறுதியில் அழுத்தினேன் என்று சொன்னான்.

"ரஜனியிட்டச் சொல்லுங்கோ. இப்பவே," என்றாள் சாருஜா.

அவன் போனை எடுத்துப் பெருவிரலை வைத்தான். திறக்கவில்லை. மறுபடியும் வைத்தான். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகை ஒன்றும் இல்லை. மெழுகு போல வழுவழுப்பாக இருந்தது.

சாருஜா தன் போனில் விரல் வைத்தாள், உடனே திறந்தது. ரஜனியை அழைத்துக் கொடுத்தாள். அவன் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னான். வீட்டைத் திரும்ப எழுதித் தருவதாகவும் சொன்னான்.

அரியும் சத்தம் நின்றது.

போனை மச்சாள் சாருஜாவிடம் கொடுக்கச் சொன்னாள் ரஜனி.

"நீங்க சாட்சிக் கையெழுத்து வச்சனீங்கள். உங்களுக்குத் தெரியுமே, மச்சாள்?"

அன்று மாமாவின் கால்களுக்குப் போர்வை இழுத்து விட்டது சாருஜாவுக்கு நினைவு வந்தது. அவை குளிர்ந்து விறைத்திருந்தன. அதன் பிறகுதான் அவள் பேனையை எடுத்தாள். இப்போது கண்ணீரோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

"இல்லை ரஜனி. எனக்கு ஒண்டுமே தெரியாது."

பாவம் மச்சாள், என்று சொல்லி ரஜனி வைத்தாள். போன் திரை இருண்டது. வெள்ளவத்தைக்குத் திரும்ப ஓட்டோவை அழைப்பதற்காகச் சாருஜா பெருவிரலை வைத்தாள்.

திறக்கவில்லை.

சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

சுவருக்குள், மிக அருகில், வாள் அரியத் தொடங்கியது.