அங்கே ஆள் இருக்கு

பெஞ்சில் வைத்த பை ஒரு விரற்கடை ஷெர்லின் பக்கமாக நகர்ந்திருந்தது. காற்று இல்லை. உப்பளத்துப் பாத்திகளின்மேல் மாலை முழுக்கப் பெய்துகொண்டிருந்த மழை, அந்தச் சின்ன ஸ்டேஷனின் தகரக் கூரையில், சுளகில் அரிசி புடைப்பதுபோல் விடாமல் இரைந்தது.

பையை அங்கே வைத்தது அவள்தான். கூரைக்கடியில் இருந்தது அந்த ஒரு சிமெண்டு பெஞ்சு மட்டும். சற்று முன், உப்புக் குவியலை ஓலையால் மூடிவிட்டு வந்த முத்துக்கனி, "டீச்சர், பைய எடுத்தியள்னா நானும் இருந்துக்கிடுவேன்" என்று கேட்டாள். உப்பில் வெந்து வெடித்து நீர் கசிந்த அவள் பாதங்களைப் பார்த்ததும் ஷெர்லின் வாயில் பொய் வந்துவிட்டது.

"இதுல ஆளு இருக்கு. இப்ப வந்துருவாவ."

"வரட்டும், வரட்டும். எங்கால் புண்ணு ஒட்டிக்கிடும்னு பயந்துட்டியளோன்னு நெனச்சேன்" என்று சிரித்துவிட்டு, முத்துக்கனி மழையிலேயே போய் நின்றாள்.

காலையில்தான் ஷெர்லின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தாள். முகம் சுட்டது. 'வாங்க' என்று ஒரு சொல் போதும். அதற்கு நாக்கு எழவில்லை.

பை மறுபடி நகர்ந்தது. காய்ந்த சிமெண்டில் ஈரம் படர்ந்து, ஒருவர் உட்கார்ந்த அளவில் நின்றது. வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையின் வாடை. தோளோரம் குளிர். ஒரு மூச்சு. அவளுடையது அல்ல.

"அக்கா! வாங்க, இங்கன இருங்க!"

முத்துக்கனி திரும்பினாள். காலி இடத்தைப் பார்த்ததும் சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர். அதான் நீங்க சொன்ன சார் வந்துட்டாவள்லா."

"யாருமில்லக்கா. நான் பொய் சொன்னேன்."

"அவியள வச்சுக்கிட்டே இப்படிச் சொல்லுதியளே!" முத்துக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாவம், தொப்பலா நனஞ்சிருக்காவ."

மழைக்கு முக்காடாகத் தன் தலையில் கவிழ்த்திருந்த சாக்கை எடுத்து, கூரைக்கடியில் வந்து, அந்தக் காலி இடத்தின்மேல் பதமாகப் போர்த்தினாள்.

ரயில் வந்தது. முத்துக்கனி ஏறிவிட்டாள். ஷெர்லினால் எழ முடியவில்லை. முந்தானைமேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பாரம். இழுத்துப் பார்த்தாள்; வரவில்லை.

ரயில் போய்விட்டது.

சாக்கு விழவில்லை. தலையளவு உயரத்தில், தோளளவு அகலத்தில் நின்றது. விளிம்பில் நீர் சொட்டியது. பிறகு, முகம் தெரியவேண்டிய அதன் திறந்த பக்கம், மெல்ல, அவளை நோக்கித் திரும்பியது.