முப்பத்தைந்தாவது பக்கம்

காலை 11.50. காப்பக அதிகாரி மூன்றாவது முறையாக எண்ணி முடித்தார். முப்பத்துமூன்று.

இருக்க வேண்டியது முப்பத்துநான்கு.

வாசிப்பறையின் சுவரோரம் நாற்பத்தோரு பெட்டிகள் அடுக்கியிருந்தன. ராக்கெட் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு விஞ்ஞானி கிழித்துப் போட மனம் வராமல் சேர்த்துவைத்த அத்தனை காகிதமும் அவற்றில் இருந்தது. கணக்குப் போட்ட தாள்கள், பாதியில் நின்ற கடிதங்கள், மூக்குக் கண்ணாடிக் கடை ரசீதுகூட. போன வருஷம் அவர் இறந்ததும் மகள் எல்லாவற்றையும் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு. இன்று பார்த்துப் பதினேழாம் பெட்டியில் ஒரு சீட்டைக் காணோம்.

அதிகாரி வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

12.25. பெண் ஆய்வாளரும் ஒரு காவலரும் வந்தார்கள்.

"என்ன காணாமப் போச்சு?"

"ஒரு சீட்டு மேடம்."

"லாட்டரிச் சீட்டா?"

"டெலிபோன் சீட்டு."

காவலர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து சொல்லுங்க."

அதிகாரி சொன்னார். விஞ்ஞானி அறையில் இல்லாத நேரம் போன் வந்தால், அவருடைய டைப்பிஸ்ட் விஷயத்தை ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் வைப்பார். சீட்டுகளில் வரிசை எண் அச்சிட்டிருக்கும். இந்தக் கோப்பில் 190 முதல் 223 வரை. இப்போது 212 இல்லை.

"இது இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின சீட்டு மேடம். அந்த வாரம்தான் சோதனை மேடையில எஞ்சின் வெடிச்சு ஒரு டெக்னீஷியன் செத்துப்போனாரு. கசிவைத் தடுக்கற வாஷரை அவரே சரியா மாட்டலன்னு விசாரணையில முடிச்சிட்டாங்க."

"காலையில சீட்டு இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அதிகாரி பென்சிலில் எழுதிய ஒரு துண்டுத்தாளை நீட்டினார். *கோப்பு 6. தாள் 34. எழுத்துள்ள பக்கம் 35. நேரம் 10.15.*

"ஸ்கேன் பண்றவருக்காக எழுதினது. எத்தனை பக்கம்னு தெரிஞ்சாத்தான் அவர் நேரம் ஒதுக்குவாரு. நான் எண்ணுறதோட சரி, படிக்கிறதில்ல. படிக்கவும் முடியாது. விஞ்ஞானியோட கையெழுத்து அப்படி. அதைப் படிக்க ரெண்டே பேராலதான் ஆகும். ஒண்ணு அந்த டைப்பிஸ்ட் அம்மா. அவங்கதான் இப்ப எங்களுக்குப் பட்டியல் போட்டுக் குடுக்கறாங்க. இன்னொண்ணு மக."

ஆய்வாளர் மிஞ்சியிருந்த முப்பத்துமூன்று சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். முன்பக்கம் டைப்பிஸ்ட்டின் முத்து முத்தான எழுத்து. பின்பக்கம் எல்லாமே வெறுமை.

12.50. முதலில் உள்ளே வந்தவர் புத்தகக்காரர். விபத்தைப் பற்றி நூல் எழுதுகிறவர். மூன்று வருஷமாக இந்தப் பெட்டிக்காகக் காத்திருப்பவர்.

"அந்தக் கோப்பைத் தொட்டீங்களா?"

"நாளையிலேருந்து தொடலாம், போட்டோவும் எடுத்துக்கலாம்னு எழுதியே குடுத்திருக்காங்க. ஒரு ராத்திரி பொறுக்க மாட்டேனா?"

"10.15-லேருந்து எங்க இருந்தீங்க?"

"10.20-க்கு வெளித் தாழ்வாரத்துல போன் பேசப் போனேன். 10.35-க்குத் திரும்பி வந்தேன். விஞ்ஞானியோட பொண்ணு ஒரு போட்டோவோட வெளிய போயிட்டிருந்தா. டைப்பிஸ்ட் அம்மா 10.45-க்குத்தான் வந்தாங்க." எழுந்தவர் மேசைமேலிருந்த துண்டுத்தாளைப் பார்த்துச் சிரித்தார். "தாள் முப்பத்துநாலு, பக்கம் முப்பத்தஞ்சாம்! எண்ணத் தெரியாதவர்கிட்ட பெட்டியைக் குடுத்தா வேற என்ன ஆகும்?"

1.10. டைப்பிஸ்ட். அறுபது வயதைத் தாண்டியவர். உட்காரும்போதே புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கோப்பு உங்க மேசைக்கு 10.15-க்கு வந்துச்சு. 10.20-க்கு எழுந்து போயிட்டீங்க. ஏன்?"

"முகம் கழுவ."

"இருபத்தஞ்சு நிமிஷமா?"

டைப்பிஸ்ட் தலைப்பை விரலில் இன்னொரு சுற்று சுற்றினார்.

"திரும்பி வந்ததும் கோப்பைத் திறந்தீங்களா?"

"இல்ல. ஓரமா நகர்த்தி வெச்சிட்டு வேற கடிதங்களை எடுத்தேன்."

"அந்த நேரம் யாரையாவது பார்த்தீங்களா?"

"சார் பொண்ணு எதிர்ல வந்தா. அத்தைன்னு கூப்பிடாம என்னைத் தாண்டிப் போயிட்டா." சொல்லியதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அவசரமா இருந்திருக்கும்."

"உங்களுக்குச் சொந்தமா அவ?"

"சொந்தம் எல்லாம் இல்ல. தாயில்லாப் பொண்ணு. ஆறு வயசுலேருந்து தலை வாரிவிட்டவ நான்."

1.30. மகள். முப்பத்திரண்டு வயது. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலது பெருவிரல் நகம் பாதியாக உடைந்து, ஓரத்தில் ரத்தம் கோடாக உறைந்திருந்தது.

"வாசிப்பறைக்கு எதுக்கு வந்தீங்க?"

"கண்காட்சிக்கு ஒரு போட்டோ குறைஞ்சுது. எடுக்க வந்தேன். அதிகாரி உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்தார்."

"அதுவரைக்கும்?"

"நின்னுட்டிருந்தேன்."

"தனியா?"

"தனியாத்தான்."

அதிகாரியும் அதையே சொன்னார். போட்டோ தேட அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்திருக்கிறது. கண்காட்சிப் படங்கள் மொத்தம் ஆறு. ஐந்துக்குப் படச்சட்டம் போடுகிறவர் நேற்றே வேலையை முடித்துவிட்டார். ஆறாவதை, "அப்பா படம், நானே போட்டுக்கறேன்" என்று மகளே உட்கார்ந்து போட்டாள்.

2.05. காவலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். பைகள், குப்பைக்கூடை, கழிப்பறை, புத்தக அலமாரியின் அடிப்பக்கம், எங்கும் இல்லை. யாரும் கட்டடத்தை விட்டு வெளியே போகவும் இல்லை.

ஆய்வாளர் நான்கு பேரையும் ஒரே அறைக்கு அழைத்தார்.

"அந்தப் பொண்ணைச் சோதிக்கணும். பெண் காவலரை வரச்சொல்லுங்க."

டைப்பிஸ்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"வேணாம் மேடம். அவளை விட்டுடுங்க. நான்தான் எடுத்தேன். கிழிச்சுத் தண்ணியில விட்டுட்டேன்."

"அத்தை!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு பாப்பா."

"ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

டைப்பிஸ்ட் யாரையும் பார்க்காமல் பேசினார். இருபத்தாறு வருஷமாக உள்ளே கிடந்தது என்பதால் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

"அன்னிக்கு 10.20-க்குச் சோதனை மேடையிலேருந்து அந்த டெக்னீஷியன் போன் பண்ணாரு. மூணாவது வால்வுகிட்ட கசியுதுன்னு. சார்கிட்ட உடனே சொல்லுங்கன்னாரு. சார் கூட்டத்துல இருந்தாரு. நடுவுல யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நான் சீட்டு எழுதி மேசைமேல வெச்சிட்டுப் பிரதி எடுக்கப் போயிட்டேன். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டல. 11.10-க்கு வெடிச்சுது. கூட்டத்துலேருந்து சார் நேரா மேடைக்குப் போயிட்டாரு, சீட்டைப் பார்க்கவே இல்ல. மறுநாள் மேசையில சீட்டைக் காணோம். சார் என்னை ஒரு வார்த்தை கேக்கல. என்னைக் காப்பாத்த மறைச்சிட்டாருன்னு புரிஞ்சுது. விசாரணையில என்னை யாரும் கூப்பிடல. நானும் போய்ச் சொல்லல. பழி செத்தவர்மேல விழுந்துச்சு."

புத்தகக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"'மூன்றாம் வால்வில் கசிவு. பார்க்காமல் தொடங்க வேண்டாம். 10.20.' அவ்வளவுதான்."

"பின்பக்கம்?"

"பின்பக்கம் என்ன இருக்கும்? வெறும் தாள்."

ஆய்வாளர் துண்டுத்தாளை மேசை நடுவில் வைத்தார்.

"அம்மா, நீங்க அந்தச் சீட்டை எடுக்கல. எழுதின நாளுக்கு அப்புறம் அதை நீங்க கண்ணால பார்க்கவே இல்ல. தாள் முப்பத்துநாலு, பக்கம் முப்பத்தஞ்சு. அதிகாரி தப்பா எண்ணிட்டார்னு இவர் சிரிச்சார். ஆனா மீதி முப்பத்துமூணையும் நான் திருப்பிப் பார்த்துட்டேன். எல்லாம் ஒரு பக்கம்தான். அப்ப ரெண்டு பக்கமும் எழுத்து இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். காணாமப் போன 212."

டைப்பிஸ்ட்டின் விரல்கள் தலைப்பிலேயே நின்றுபோயின.

"அதிகாரி எடுத்திருந்தா, முப்பத்துமூணுன்னே எழுதியிருப்பார். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. புத்தகக்காரருக்கு அந்தச் சீட்டு பெட்டிக்குள்ள இருந்தாத்தான் ஆதாரம். திருடின சீட்டை எந்தப் புத்தகத்துல போட முடியும்? சீட்டு போய்ச் சேர்ந்தது விஞ்ஞானியோட மேசைக்கு, அப்ப பின்பக்கத்துல அவரோட கையெழுத்துதான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். அதுல ஒருத்தங்க பார்க்கவே இல்ல." ஆய்வாளர் மகளின் பக்கம் திரும்பினார். "சட்டத்தோட பின்தகட்டை மடக்க ஆணி, சுத்தி எதுவும் இல்லாம நகத்தாலயே அழுத்தினா இப்படித்தான் உடையும். ஆறாவது படத்தைக் கொண்டுவரச் சொல்லட்டுமா, நீங்களே போய் எடுக்கறீங்களா?"

மகள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது சட்டத்தை மார்போடு அணைத்திருந்தாள். எஞ்சின் ஒன்றின் அருகே அவள் அப்பா கைகட்டி நிற்கும் படம். பின்தகட்டைப் பெயர்த்ததும் மஞ்சள் பூத்த சீட்டு வெளியே வந்தது.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே," என்றார் ஆய்வாளர்.

"அப்பா எழுத்து. கை வரல."

"அத்தையைக் காப்பாத்தவா எடுத்தீங்க?"

மகள் தலையசைத்து மறுத்தாள். "அப்பாவை. அத்தைகிட்டேருந்து."

சீட்டை டைப்பிஸ்ட்டின் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் எழுத்தை ஒரு முறை பார்த்தார், பிறகு திருப்பினார். மற்றவர்களுக்குக் கிறுக்கலாகத் தெரிந்ததை அவர் பழக்கத்தில் சரளமாக வாய்விட்டே படித்தார்.

"'10.40. பார்த்தேன். நிறுத்தினால் இன்றைய நாள் போய்விடும். தொடரச் சொன்னேன். முடிவு என்னுடையது.'"

கீழே வேறு மையில் ஒரு வரி. "'அவளிடம் சொல்ல வேண்டும்.'"

அதற்கும் கீழே, நடுங்கிய கையில், கடைசிக் காலத்து எழுத்தில், ஒரே ஒரு சொல். அதை அவர் படிக்கவில்லை. மகள்தான் சொன்னாள்.

"'சொல்லவில்லை.'"

டைப்பிஸ்ட்டின் விரல் மறுபடி முதல் வரிக்குப் போயிற்று.

"பத்து நாப்பதா?" என்றார். "அப்ப நான் லேட் பண்ணலயா?"

சீட்டைத் திருப்பி, தன் எழுத்து மேலே தெரியும்படி வைத்தார்.

"ஒரு நாள்கூட என்னைத் திட்டினதில்ல. கார்பன் தலைகீழா வெச்சு டைப் அடிச்சாகூட, பரவாயில்லம்மான்னு போயிடுவாரு. எவ்வளவு பெரிய மனசுன்னு நினைச்சேன். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தாங்க, வேணாம்னேன். நமக்கு எதுக்கு நல்லதுன்னு." அவர் மகளைப் பார்த்தார். "இது தெரிஞ்சுதான் என்னைக் கூப்பிடாம போனியா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன் அத்தை? நீங்க வளர்த்தது... எல்லாம் அவர் உங்ககிட்ட ஏமாத்தி வாங்கினது மாதிரி இருந்துச்சு. ஒரே நாள்தான், திறப்பு முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்னு நினைச்சேன். அப்பாவும் இப்படித்தான் ஒரே நாள்னு நினைச்சிருப்பாரு."

ஆய்வாளர் எழுந்தார். புதிர் அவிழ்ந்த நாளில் வழக்கமாக வரும் உற்சாகம் இன்று வரவில்லை. 'பின்பக்கம்?' என்ற அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் இந்த அம்மா கடைசிவரை தன் சாரைக் கடவுளாகவே வைத்திருந்திருப்பார். அது நல்லதா கெட்டதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"பொருள் கட்டடத்தை விட்டுப் போகல. கிடைச்சிடுச்சு. புகார் வேணுமா சார்?"

"வேணாம் மேடம்," என்றார் அதிகாரி. கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா சீட்டு நாளைக்குப் பெட்டியில இருக்கும். யாருக்காகவும் எடுக்க மாட்டேன்."

"இருக்கட்டும்," என்றாள் மகள்.

டைப்பிஸ்ட் பென்சிலை எடுத்தார். பட்டியலில் 212-க்கு நேரே, 'இரு பக்கம். முன்பக்கம் என் எழுத்து. பின்பக்கம் அவர் எழுத்து' என்று எழுதினார். 'அவர்' என்பதை அடித்துவிட்டு விஞ்ஞானியின் முழுப்பெயரை எழுதினார். பிறகு ஆய்வாளரிடம், "மேடம், உங்க ஜீப் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார்.

மாலை 4.30. ஊர் எல்லையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு. மூன்றாவது வரிசை, கடைசி வீடு. ஆய்வாளர் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். டைப்பிஸ்ட்டின் கை மணிவரை போய்ப் போய்த் திரும்புவதைப் பார்த்து மகள்தான் அழுத்தினாள்.

வெளியே வந்த பெண்மணிக்கும் டைப்பிஸ்ட்டின் வயதுதான் இருக்கும். இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "யாரு வேணும்?" என்றார்.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்." டைப்பிஸ்ட் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் கசியுதுன்னு போன் பண்ணாரு. வெடிக்கறதுக்கு ஐம்பது நிமிஷம் முன்னாடி. போனை எடுத்தது நான். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல. தப்பு அவர்மேல இல்ல."

"எங்கப்பா மேல," என்றாள் மகள்.

அந்தப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தப் போகிறார், கதவைச் சாத்தப் போகிறார் என்று மகள் காத்திருந்தாள்.

அவர் கொண்டியை விலக்கிக் கேட்டைத் திறந்தார்.

"போன்ல வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "அவர் பேசினது பேசினபடி சொல்லுங்க."