முடிவுக்கோட்டில் ஓர் ஆள்

காலையில் பல் துலக்கியதும் நான் செய்யும் முதல் வேலை ஊர்தி கேட்பதுதான். வெள்ளை நிறத்தில் ஒன்று வாசலில் வந்து நிற்கும். எங்கே போக வேண்டும் என்று கேட்கும். திருப்பூரில் சித்தப்பா மகன் லோகித் வீடு என்பேன். அது அங்கே விசாரிக்கும். நான் படியில் உட்கார்ந்து காபியைக் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "எதிரேற்பு இல்லை. மன்னிக்கவும்." மன்னிப்புக் கேட்பதில் மட்டும் அந்த இயந்திரத்துக்குக் குறையே கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடும்.

பின்னாலேயே லோகித்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். "இன்னிக்கு கொஞ்சம் வேலைங்ண்ணா. இன்னொரு நாள் பாக்கலாம்." அவன் நல்லவன்தான். தினமும் பதில் அனுப்புகிறான். மற்றவர்கள் அதுவும் செய்வதில்லை.

எதிரேற்புச் சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். வெயில் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வேலையே இல்லாமல் ஊரைச் சுற்றும் வண்டிகளை நிறுத்தினால் பாதிப் புகை குறையும் என்றார்கள். ஆகவே ஒரே ஒரு விதி: போய்ச் சேரும் இடத்தில் 'வா' என்று ஒருவர் சொன்னால்தான் ஊர்தி நகரும். அலுவலகம் சொல்லலாம், கடை சொல்லலாம், மாமியார் சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால் வீட்டில் இரு. அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அப்போது என் மனைவி பிரணிதா உயிரோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்கு நாலு இடத்திலிருந்து 'வா' வரும். எதற்குப் போவது, எதை விடுவது என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும்.

அவள் இறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அந்த நாலு 'வா'வும் அவளுக்கு வந்தவை. நான் கூடப் போனவன். பம்புகளைத் தரம் பார்க்கும் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று, அலுவலகமும் இனிக் கூப்பிடாது. கடைக்காரர்கள் பொருளை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். சரக்குக்கு எதிரேற்பு வேண்டாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மூட்டை சின்ன வெங்காயம் நினைத்தபோது நீலாம்பூரிலிருந்து மதுரைக்குப் போகலாம். தர்ஷன் என்கிற நான் போக முடியாது. ஆஸ்பத்திரி ஒன்றுதான் எல்லோரையும் எப்போதும் ஏற்றுக்கொள்ளும் இடம். அதனால் என் வயதுக்காரர்கள் பலர் வாரம் ஒரு முறை நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டு போய், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். நானும் போனேன். இரண்டாம் முறை அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு போகவில்லை.

வேறு வேலை இல்லாததால் சட்டத்தையே எடுத்து வைத்துப் படித்தேன். பயணம் என்பது ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குச் செல்வது என்று அதில் விளக்கம் இருந்தது. அதற்கு வெகு கீழே, கைவிடப்பட்ட சாலைகளில் நேராக நானூறு மீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு அதே இடத்துக்குத் திரும்புவது பயணம் ஆகாது என்று ஒரு விலக்கு. அந்தக் காலத்தில் டிராக் ரேஸ் என்று சொல்வார்களே, அதற்காகப் பழைய கார்ப் பிரியர்கள் போராடி வாங்கியது. அதிகாரிகள் அதற்கு நேரோட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி கையால் கட்டியதாக இருக்க வேண்டும், வலைப்பின்னலில் சேராததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே பழைய புறவழிச்சாலை செத்துக் கிடக்கிறது. எங்கும் போகாத வண்டிக்கு யாருடைய தயவும் வேண்டாம். படித்த அன்றைக்கே முடிவு செய்தேன், கட்டுவது என்று.

கார் கிடைத்த கதை சாதாரணமானது. உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நஸ்ரினிடம் கேட்டேன். ஓடாத பழைய பத்மினி கார் ஒன்று கோழி அடைக்கக்கூட லாயக்கில்லாமல் கிடக்கிறது, வேண்டுமா என்றார். சரக்கு ஊர்தியில் வந்து இறங்கியது. தரையில் துளை, கதவில் துரு. ஆனால் எஞ்சின் சுற்றியது. எடை குறைவு, பின்சக்கரம் இழுக்கும் வண்டி. என் ஓய்வூதியத்துக்கு அதைவிடப் பெரிய ராஜா ரதம் வராது.

அதன்பின் எனக்கும் நஸ்ரினுக்கும் தினசரிப் பேச்சு ஆயிற்று. போனில்தான்.

"ஏனுங், டர்போ கெடைக்குங்ளா?" என்று கேட்டேன்.

"போர்வெல் லாரில கழட்டுனது ஒண்ணு இருக்குதுங்ண்ணா. பெருசு."

"பெருசுதானுங் வேணும்."

"வேண்டாங்ண்ணா. சொன்னாக் கேளுங்."

கேட்கவில்லை. பெரியதையே வாங்கி மாட்டினேன். டர்போ என்பது எஞ்சின் வெளியே தள்ளும் புகையாலேயே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அடைக்கும் விசிறி. மூச்சு வாங்குகிறவனின் முதுகில் தட்டிக் கொடுப்பது போல. நான் மாட்டியதைச் சுற்ற வைக்க என் சின்ன எஞ்சினின் புகை போதவில்லை. கொட்டகையில் நிறுத்திவைத்து முடுக்கினால், அது விழித்துக்கொள்வதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நேரோட்டத்தில் அது எழுந்திருக்கும்போது பாதை முடிந்திருக்கும். வெட்கத்தோடு போன் செய்தேன். நஸ்ரின் சிரிக்கவில்லை. அது பெரிய மனசு. சின்ன டீசல் காரின் டர்போ ஒன்றை மறுநாளே அனுப்பினார்.

புகைக்குழாயை வீட்டுப் போர்வெல்லின் பழைய குழாயை வெட்டி ஒட்டிச் செய்யப் போனேன். "ஜிஐ பைப்ப அப்படியே வெல்டு வெக்காதீங், மேல பூசுன துத்தநாகப் பொகைக்குக் குளிர்காய்ச்ச வரும்," என்று போனிலேயே அலறி, சாதாரண இரும்புக் குழாய் அனுப்பினார். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைத் தாமிரத் தகட்டைக் கத்தரியால் வெட்டிச் செய்தேன். மூன்று வீணாயின. டர்போவுக்கான எண்ணெய்க் குழாயை எஞ்சினின் அமுக்கமானி இருந்த துளையிலிருந்து கிளை பிரித்தேன். பின்சக்கரத்துக்கு ஜீப் டயர். குடிக்க எரிசாராயம், காருக்குத்தான். எடை குறைக்கப் பின்சீட்டையும் பக்கத்துச் சீட்டையும் பிடுங்கி எறிந்தேன். அந்த நாட்களில் நஸ்ரின் குரலுக்குப் பின்னால் சுத்தியல் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். கொடுத்து வைத்தவர் என்று பொறாமைப்படுவேன், ஒரு நாள் அவரிடமே சொல்லியும்விட்டேன்.

வண்டி முடிந்தது. விண்ணப்பித்தேன். அனுமதி வந்தது, அதன் அடியில் ஒரு வரியோடு: பாதுகாப்பு கருதி, ஓட்டம் நடக்கையில் முடிவுக்கோட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். எதற்காக இவ்வளவும் செய்தேன்? மறுமுனையில் ஆள் இல்லாதவன் என்பதால்தானே. எங்கும் போகாத வண்டிக்கும் மறுமுனையில் ஆள் கேட்கிறார்கள்.

லோகித்தைக் கேட்டேன். "இன்னொரு நாள் பாக்கலாம்ண்ணா" என்றான். தன் மகள் வீட்டுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி நண்பர் ஒருவர், அங்கே ஏதாவது நோயாளி நிற்பாரா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நஸ்ரினைக் கேட்க மனம் வரவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் எதிரேற்பு கேட்பதும் கொடுப்பதும் சொந்தக்காரர்களுக்குள்தான். உறவில்லாத ஒருவரிடம் 'எனக்கு வா சொல்லுங்கள்' என்பது, அழையாத பந்தியில் போய் இலை போட்டுக்கொள்வதைவிடக் கேவலம். 'நீங்கள் வாருங்கள்' என்று கூப்பிடுவதோ எனக்கு வேறு நாதியில்லை என்று பறையடிப்பதற்குச் சமம். அதனால்தான் இவ்வளவு நாள் பேசியும், ஒரு நாள் உங்கள் கடைக்கு வரட்டுமா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஆனாலும் போனில் அவரிடம் லோகித் கதையையும் சேர்த்து விஷயத்தைப் புலம்பலாகச் சொன்னேன். 

"உங்க வீடு நீலாம்பூர்தானுங்ளே?"

"ஆமாங்."

"நா வரட்டுங்ளா?"

எதிரேற்பு கொடுக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்து அழுத்தினேன். பதிவாயிற்றா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வயதால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்கழிக் காலை, வெயில் பொறுக்கும்படி இருந்தது. ஊர்தி என் வாசலுக்கு ஒரு மனிதரைச் சுமந்துகொண்டு வந்தது. இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரும்புக் கடைக்குப் பொருந்தாத நல்ல பட்டுச் சேலை, தலையில் முக்காடு. என் ஓட்டத்துக்காக உடுத்தி வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமை தாளவில்லை.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வெல்டுகளை விரலால் தடவினார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஒரே சீட்டுதானுங்ளா?" என்றார்.

"எடை குறையட்டும்னு."

"ம்," என்றார். "பரவால்லீங். நல்லாப் பண்ணியிருக்கறீங்."

முடிவுக்கோட்டுக்கு நடந்து போய் நின்றார். சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் விரலளவு தெரிந்தார். நான் எஞ்சினைக் கிளப்பினேன். செத்த சாலையின் காக்கைகள் எல்லாம் பறந்தன. கிளட்ச்சை விட்டதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தது, டயர் அலறியது, இரண்டாம் கியரில் டர்போ விசில் அடித்துக்கொண்டு எழுந்தது. முதுகில் யாரோ இரண்டு கைகளாலும் தள்ளினார்கள். அதன்பின் கியரும் நினைவில்லை, மானியும் நினைவில்லை. அந்தச் சேலை பெரிதாகிக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு மனிதர் எனக்காக நிற்கும் இடத்துக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். பிரணிதா போனதற்குப் பிறகு அதுதான் முதல் முறை. இதைக் கட்டியது வேகத்துக்காக என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை.

பிரேக் பிடித்து, திருப்பி, அவர் அருகே வந்து நிறுத்தினேன். நஸ்ரின் காதைப் பொத்தியபடி சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. சாலையின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

"இங்கிருந்து அரசூரு நடந்தே போயர்லாங்ளா?"

"போலாங். அந்தப் பாலந் தாண்டினா அரசூருதான். ஏனுங்?"

"என்ர பையன் அங்கதான் இருக்கறான். பேரனுக்கு நாலு வயசாச்சு. நா இன்னும் பாத்ததில்ல."

"அப்பப் பையன் எதிரேற்பு..."

"உங்களுக்கு லோகித்து தர்ற மாதிரிதானுங். தெனமும் கேக்கறேன். இந்தப் பக்கத்துல யாரு எனக்கு வா சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

 பட்டுச் சேலை யாருக்கு என்று தெரிந்துவிட்டது.

"அப்ப வண்டியப் பாக்க வரலீங்," என்றேன். குரல் கடுத்துவிட்டது.

"அதையும் பாக்கத்தானுங் வந்தேன்." முகத்தை மறைக்காமல் சொன்னார். "உங்க கடைல அத்தனை ஆளு சத்தம் கேக்குதேன்னு ஒரு நாளு சொன்னீங்ளே. அது ரேடியோங்ண்ணா. கடைல நா ஒருத்திதான். தப்பா எடுத்துக்காதீங். போய்ட்டு வந்தர்றேன்."

பாலத்தை நோக்கி நடந்தார். நான் வண்டியைக் கொட்டகை முனைக்கே திருப்பி ஓட்டிவந்து, நிழலில் உட்கார்ந்தேன். முதலில் கோபமாக இருந்தேன். அது நெடுநேரம் நிற்கவில்லை. ரேடியோவை வைத்துக்கொண்டு கடை திறந்திருக்கும் ஆளிடம் எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது?

அவர் திரும்பி வரத் தேவையே இல்லை. சொந்த வீட்டுக்குப் போக மட்டும் யாரும் 'வா' சொல்ல வேண்டியதில்லை. அரசூரிலேயே ஊர்தி பிடித்து உக்கடம் போய்விடலாம். அதைவிட, மகன் கதவைத் திறந்திருந்தால் இன்றைக்கு எதற்குக் கிளம்ப வேண்டும்? பேரனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கட்டும். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உண்மையாகத்தான் வேண்டினேன். அதே மூச்சில் வர வேண்டும் என்றும் நினைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் வாசலில் நிற்க வைக்கப்பட்டால்தான் என் சாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கண் பாலத்தை விட்டு நகரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது பாலத்தின்மேல் ஒரு நிறம் தெரிந்தது. மெதுவாக வந்தது. முடிவுக்கோடு வரை வந்து நின்றது. என் பக்கம் வரவில்லை. போன் அடித்தது.

"சாப்பிட்டீங்ளா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"உள்ள டிவி சத்தம் கேட்டுதுங்ண்ணா," என்றார். "பெல்லடிச்சேன். டிவி நின்னு போச்சு. கொழந்த ஏதோ பேசுச்சு, அதயும் அதட்டி நிறுத்திட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன்."

"அங்கிருந்தே ஊர்தி புடிச்சுப் போயிருக்கலாமுங்ளே. இத்தன தூரம் மறுபடி நடக்கோணுமா?"

  காதில் வைத்த போனோடு கோட்டின் ஓரத்தில் நேராக நின்றார்.

"இருட்டறதுக்குள்ள இன்னொரு தடவ ஓட்டுங்ண்ணா," என்றார். "நா இங்கயே நிக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் நிற்பது இங்கிருந்து தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. எஞ்சினைக் கிளப்பினேன்.