முயலுக்குக் கழுத்து எங்கே?

ஜெயசீலிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய இரண்டு காதுகளும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தன.

பின்னே, சிவக்காதா? அவளுடைய முயல் மேல் பழி போட்டுவிட்டார்கள். விசாரிக்கவில்லை, யோசிக்கவில்லை. எதிர்வீட்டு ஆறுமுகநயினார் தன் வாசலில் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

பம்பாயில் டிராம் வண்டி நின்றுபோன வருஷம் அது. தாராவியில் ஜெயசீலி குடியிருந்த சந்தில் எல்லாருக்கும் தோல் வேலைதான். ஆறுமுகநயினாருக்கு வீட்டிலேயே சொந்தப் பட்டறை இருந்தது. கைக்கடிகாரத்துக்குப் போடுகிற தோல் பட்டைகளை அங்கே செய்தார்கள். ஜெயசீலியின் அப்பா லாசர் அங்கேதான் பட்டை வெட்டினார். சாயம் பூசிய பட்டைகளை மத்தியானத்தில் வாசலில் பாய் விரித்துக் காயப்போடுவார்கள்.

அன்றைக்கு அந்தப் பாயில் பன்னிரண்டு பட்டைகள் கடிபட்டுக் கிடந்தன.

"பாரும் வே லாசரு. பல்லுத் தடம் தெரியுதா? எல்லாம் உம்ம வீட்டு முயல் பண்ணுன வேலை" என்றார் ஆறுமுகநயினார். "மத்தியானம் அது இந்தப் பாயில உக்காந்து மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"உக்காந்தா கடிச்சதா ஆயிருமா மாமா?" என்று ஜெயசீலி கேட்டாள். "நீங்களுந்தான் அந்தப் பாயில உக்காந்திய."

தெருவில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. ஆறுமுகநயினாருக்கு மூக்கு விடைத்தது.

"வாயப் பாரு. லாசரு, ஒரே பேச்சு சொல்லிட்டேன். இனிமே கட்டு இல்லாம அந்த முயல நான் வாசல்ல பாத்தேன்னா, ஞாயித்துக்கெழம குழம்புதான். நானே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரி அண்ணாச்சி" என்றார்.

அந்தச் சந்தில் பூனையையே விரட்டுகிற பெருச்சாளிகள் சாக்கடை ஓரத்தில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. அவற்றை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. இரண்டு கை அகலம்கூட இல்லாத முயலைப் பிடித்துக்கொண்டார்கள்.

முயலின் பெயர் பாவு. தேவ்நாரில் இருக்கும் மாமா கொடுத்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. காலை மடக்கி உட்கார்ந்தால், டீயில் தொட்டுத் தின்கிற பாவ் ரொட்டியேதான்.

வியாழக்கிழமை முழுக்கப் பாவு தேயிலைப் பெட்டிக்குள் கிடந்தது. கொத்தமல்லித் தண்டைக்கூடத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியளாப்பா?" என்றாள் ஜெயசீலி. "செய்யாத தப்புக்கு ஜெயில். உங்க அண்ணாச்சிகிட்ட நீங்க ஏன் ஒண்ணும் கேக்கல?"

அப்பா பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். சிவப்புத் தோல், பளபளவென்று பித்தளைக் கொக்கி. கடிகாரத்துக்குச் செய்த பட்டைதான்.

"மனுசன் மணிக்கட்டும் முயல் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இதப் போட்டு ஒரு கயிறக் கட்டிட்டா, அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல முடியாது."

பாவின் கழுத்தில் பட்டையைப் போட்டார்கள். வாசலில் இறக்கினார்கள். பாவு ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தது. பிறகு பின்னால் நகர்ந்தது. காதுகளை முதுகோடு ஒட்டி வைத்துத் தலையை உள்ளே இழுத்தது. அவ்வளவுதான். பட்டை ஜெயசீலியின் கயிற்றில் தொங்கியது. முயல் இரண்டே தாவலில் ஆறுமுகநயினாரின் முக்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

"இதுக்குப் பேரு கட்டா வே?" என்றார் அவர். "போனாப் போவுதுன்னு ஒரு தடவ விடுதேன். இன்னொரு தடவ கிடையாது."

உடனே தெருவே கூடி யோசனை சொல்ல ஆரம்பித்தது. தோல் வேலைக்காரர்கள் அல்லவா, எந்தக் கஷ்டத்துக்கும் அவர்களிடம் ஒரு பெல்ட் இருக்கும். எருமைத் தோலில் வெட்ட வேண்டும் என்றார் ஒருவர். அகலம் பத்தாது என்றார் இன்னொருவர். ஆறுமுகநயினார் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, மறுநாள் தானே ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். இரண்டு விரல் அகலம், இரண்டு கொக்கி.

"இது மாட்டையே நிப்பாட்டும்" என்றார் பெருமையாக.

அது உண்மைதான். பாவு துள்ளி ஓடியது. கயிறு தீர்ந்த இடத்தில் பட்டை கழுத்தைச் சுண்டி இழுத்தது. முயல் அந்தரத்தில் திரும்பி மல்லாக்க விழுந்தது. நான்கு கால்களும் காற்றை உதைத்தன. கண் பிதுங்கியது. தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. முயல் சத்தம் போட்டு ஜெயசீலி அதுவரை கேட்டதே இல்லை.

அவள் அப்படியே தரையில் விழுந்து கொக்கியைக் கழற்றினாள். ஒரு கொக்கி கழன்றது. இரண்டாவது கழல மாட்டேன் என்றது. ஒருவழியாகக் கழற்றி முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்தியாட்டி, கழறல" என்றார் ஆறுமுகநயினார்.

ஜெயசீலியின் காதுகள் இப்போது மிளகாய்ப்பழத்தைத் தாண்டிப் போய்விட்டன.

"கழறல மாமா. செத்திருக்கும், ஆனா கழறாது. இத்தன பேரு பெல்ட்டு வெட்டுதிய. முயலுக்குக் கழுத்து எங்க இருக்குன்னு ஒருத்தராவது பாத்தியளா?"

எல்லாரும் முயலைப் பார்த்தார்கள். தலை முடிந்த இடத்திலேயே உடம்பு ஆரம்பித்தது.

"நாளைக்கு சனிக்கெழம. மறுநாள் ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறுமுகநயினார் உள்ளே போனார்.

ஜெயசீலி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். தன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துப் பார்த்தாள். உடனே இருமல் வந்தது. எனக்கே இப்படி என்றால் பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

பக்கத்தில் அம்மா சேசம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குட்டித் தம்பி தனசீலன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை. அவனுக்கோ சாக்கடையைக் கண்டால் அவ்வளவு பிரியம். அதனால் அம்மா ஒரு துண்டை அவன் நெஞ்சைச் சுற்றி, இரண்டு கக்கத்துக்கும் அடியில் கொடுத்து, நுனிகளை முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு இடது கையில் பிடித்திருந்தாள். அந்தச் சந்தில் எல்லா அம்மாக்களும் செய்கிற வேலைதான் அது.

தனசீலன் சாக்கடையைப் பார்த்துப் பாய்ந்தான். அம்மா துண்டைப் பிடித்தாள். அவன் அந்தரத்தில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தான். இருமவில்லை. கண் பிதுங்கவில்லை.

ஜெயசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ ஏன் தம்பியக் கழுத்துல கட்டல?"

"கிறுக்காட்டி ஒனக்கு? பச்சப் புள்ளயக் கழுத்துலயா கட்டுவாவ?"

"அதானே" என்றாள் ஜெயசீலி. அதற்கு மேல் அவள் அங்கே உட்காரவில்லை.

பழைய கவுன் ஒன்றைக் கிழித்தாள். அம்மாவின் பாவாடை நாடாவை எடுத்தாள். முன்னங்காலுக்கு முன்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு வளையம். முன்னங்காலுக்குப் பின்னால் வயிற்றைச் சுற்றி இன்னொரு வளையம். இரண்டையும் மேலே முதுகிலும் கீழே நெஞ்சிலும் நாடாவால் சேர்த்துத் தைத்தாள். இறுக்கவில்லை. உள்ளே தன் விரல் நுழைகிறதா என்று நாலு பக்கமும் விட்டுப் பார்த்தாள்.

"நல்ல மெல்லிசுத் தோலாத் தரட்டா?" என்று அப்பா கேட்டார்.

"தோலு வேண்டாம்ப்பா. அதுக்கு அறுக்கும்."

அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு பையைத் துழாவி ஒரு சின்னப் பித்தளை வளையத்தை எடுத்து, முதுகுப் பக்கத்து நாடாவில் தானே வைத்துத் தைத்தார். கயிறு மாட்டுவதற்கு.

சனிக்கிழமை காலையில் அதை வீட்டுக்குள் வைத்தே போட்டுவிட்டாள். பாவு செத்த மாதிரி தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. ஜெயசீலி இழுக்கவில்லை. ஒரு முழம் தள்ளிக் கொத்தமல்லித் தண்டை வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு அசைந்தது. அப்புறம் மீசை. அப்புறம் கால். இரண்டாவது தண்டு தின்பதற்குள் பாவுக்கு உடம்பில் நாடா இருப்பதே மறந்துபோயிற்று.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். வரிசையில் குடமும் வாளியுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் கண் முன்னால் ஜெயசீலி முயலைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

உண்மையைச் சொன்னால், முயல்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது. அது நின்றால் இவள் நின்றாள். அது திரும்பினால் இவள் திரும்பினாள். அது உட்கார்ந்து முகம் கழுவினால், கழுவி முடிக்கும் வரை இவள் கயிற்றைத் தொய்வாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏட்டி ஜெயசீலி, யாரு யாரக் கூட்டிட்டுப் போறீய?" என்று கேட்டாள் வரிசையில் நின்ற சைனப் அக்கா.

"நாளைக்கு மாடிப் பஸ்ஸுல ஏத்திச் சுத்திக் காட்டுவா போல" என்றாள் இன்னொருத்தி.

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஜெயசீலிக்குக் காது சுட்டது. வீட்டுக்குள் ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் பாவு இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். தண்ணீர் நூல் மாதிரி வந்ததால் வரிசையும் நகரவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு ஆறுமுகநயினாரின் குரல் கேட்டது.

"லாசரு, இங்க வாரும் வே."

அவர் கையில் நான்கு பட்டைகள். ஓரமெல்லாம் கடித்துக் குதறியிருந்தது.

"நான் சாப்பிட்டு வாரதுக்குள்ள வேலையக் காட்டிருச்சு. எச்சி ஈரங்கூட இன்னும் காயல. இனி பேச்சே கிடையாது. அந்த முயலத் தூக்கிட்டு வாரும்."

அப்பா பட்டறை வாசலில் வந்து நின்றார். ஜெயசீலி கயிறு பிடித்த கையை உயரத் தூக்கினாள்.

"மாமா, ரெண்டு மணியில இருந்து இந்தக் கயிறு என் கைய விட்டுப் போகல. முயல் எங்க இருந்துச்சுன்னு என்னக் கேக்காதிய. வரிசையில நிக்கவங்களக் கேளுங்க."

குழாயடியில் சிரிப்பு நின்றது. சைனப் அக்கா இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"அது இங்கனதான் படுத்துக் கெடந்துச்சு நயினாரே" என்றாள். "நாங்க ஒரு மணி நேரமா இதப் பாத்துத்தான் சிரிச்சுக்கிட்டு நிக்கோம். ஒங்க வாசப் பக்கமே அது வரல."

"ஆமா, வரல" என்றது மொத்த வரிசையும்.

அப்பா பாயின் ஓரத்துக்குப் போனார். சாக்கடையை மூடியிருந்த பலகையை இரண்டு கையாலும் தூக்கினார். உள்ளிருந்து இரண்டு பெருச்சாளிகள் பாய்ந்து வந்தன. ஒன்றின் வாயில் சிவப்புப் பட்டை தொங்கியது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஆறுமுகநயினார் அந்தப் பருத்த உடம்போடு முக்காலி மேல் ஏறி நின்றார்.

பெருச்சாளிகள் போன பிறகு மெல்ல இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி சரி, போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

"போகட்டுமா?" என்றாள் ஜெயசீலி. "பழியத் தெரு கேக்கச் சொன்னிய மாமா. இல்லன்னும் தெரு கேக்கச் சொல்லணும்லா? எங்கிட்ட வேண்டாம். அதுகிட்ட சொல்லுங்க."

ஆறுமுகநயினார் லாசரைப் பார்த்தார். 'சரி அண்ணாச்சி, சின்னப் புள்ள, விடுங்க' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"புள்ள சொல்லுதது ஞாயந்தான் அண்ணாச்சி" என்றார் லாசர்.

ஆறுமுகநயினார் குழாயடிக்கு வந்தார். முழங்காலில் கையை ஊன்றி, முனகிக்கொண்டே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏ முயலு, நீ கடிக்கல. நாந்தான் பாக்காமப் பேசிட்டேன்" என்றார். பிறகு தலையைத் தூக்கி, "என்னட்டி, மன்னிச்சிருச்சா?" என்று கேட்டார்.

"கொத்தமல்லி வாங்கிக் குடுத்தாத்தான் தெரியும்."

சந்து முனையில் காய்கறிக் கூடைக்காரி உட்கார்ந்திருந்தாள். ஜெயசீலி கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஆனா இழுக்கப்பிடாது மாமா. அது போற எடத்துக்குத்தான் நீங்க போகணும்."

ஆறுமுகநயினார் போனார். பாவு நின்றது, அவரும் நின்றார். பாவு உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்தது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பட்டறை முதலாளி கயிற்றைத் தொய்வாகப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்.

ஜெயசீலி தன் காதுகளைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் குளிர்ந்திருந்தன.