பத்து இருபதுக்கு விழுந்த பச்சை

"சார், நாலு மணிக்கு விசாரணை. என் வேலை போயிடும்" என்றபடி நர்ஸ் கிறிஸ்டினா உள்ளே வந்தாள். கும்மிடிப்பூண்டியின் அந்த ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர் தேசிகன் நிதானமாக ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். உதவியாளன் ஜெரால்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். போன மர்மத்தையும் தேசிகனே அவிழ்த்துவிட்ட வயிற்றெரிச்சல் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். வார்டில் இருக்கும் நோயாளி கங்கம்மாவுக்கு ஏறும் டிரிப்ஸின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, டாக்டர் பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டார். நோயாளியின் கையில் கட்டிய பெயர்ப் பட்டையையும் (கைப்பட்டை), டிரிப்ஸை ஏற்றும் பம்பையும் நர்ஸ் ஸ்கேன் செய்தால், ஆர்டர் தானே பம்புக்குப் போகும். திரையில் பச்சை விழும். பத்து இருபதுக்குப் பச்சை விழுந்தது, கிறிஸ்டினா பெயரில். ஆனால் ஆர்டர் போய்ச் சேர்ந்தது ஏழாம் நம்பர் பம்புக்கு. கங்கம்மாவிடம் இருந்ததோ ஒன்பது. அது பழைய வேகத்திலேயே ஓடி, பதினொரு மணிக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. நல்லவேளை, டாக்டர் பார்த்துவிட்டார்.

"கட்டில் பக்கத்துல நின்னு, அவங்க கையைப் புடிச்சுதான் ஸ்கேன் பண்ணேன். அப்புறமா கூட வேலை பாக்குற நர்ஸ் ரம்யாதான் பம்பை மாத்தியிருக்கணும். என்னைக் கண்டாலே ஆகாது அவளுக்கு."

"ரம்யாவேதான்!" என்றான் ஜெரால்டு, முந்திக்கொண்டு.

தேசிகன் வார்டில் கங்கம்மாவின் கட்டிலுக்கு நடந்தார். "காலையில எங்கயாவது போனீங்களாம்மா?"

"கீழ எக்ஸ்ரே எடுக்க இட்டுக்கினு போனாங்க நைனா. இந்த மிஷினும் கூடவே வந்துச்சி. எங்க ஊட்டுக்காரர்கூட இப்படி ஒட்டிக்கினு வந்ததில்ல."

எக்ஸ்ரேயின் மூலையில் நேரம் இருந்தது: பத்து பத்தொன்பது.

நர்ஸ்கள் மேசையருகே ரம்யாவும் நின்றாள். "கங்கம்மாவும் ஒன்பதாம் பம்பும் அப்போ கீழே" என்றார் தேசிகன். "ஏழாம் பம்பு காலையிலிருந்து இதே மேசையில சார்ஜ் ஏறிட்டிருக்கு. பச்சை விழணும்னா அவங்க கைப்பட்டையும் இங்கேயே இருந்திருக்கணும். அப்படின்னா கைப்பட்டை ரெண்டு." கங்கம்மாவின் ஃபைலைத் திறந்தார். அட்டையின் உள்பக்கம் இன்னொரு கைப்பட்டை ஒட்டியிருந்தது.

அவர் பார்வை சுவருக்குப் போனது. 'ஆர்டரை வேகமாக முடித்தவர்' பலகையில் மூன்று மாதமாக ரம்யாவின் பெயர்தான்.

கிறிஸ்டினா உடைந்தாள். "ஒரு தடவையாவது என் பேரு வரட்டும்னுதான் சார். பச்சையைப் போட்டுட்டு, அவங்க மேல வந்ததும் கையால குறைச்சிடலாம்னு இருந்தேன். வேற பேஷண்ட் கூப்பிட்டாங்க... மறந்துட்டேன்."

ரம்யா மேலங்கிப் பையிலிருந்து தன் நோயாளிகளின் பெயர் போட்ட ஏழு கைப்பட்டைகளை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"என் பேரு மட்டும் எப்படி வந்துச்சுன்னு நெனைச்ச? பேஷண்டுங்க எல்லாம் உன்னைத்தான் கேக்குறாங்க. போர்டுலயாவது நான் இருக்கலாம்னுதான். நாலு மணிக்கு நானும் வரேன்."

"ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லுங்கோ" என்றார் தேசிகன். "அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லி நானும் எழுதித் தரேன். ஒருத்தியை மட்டும் வேலையை விட்டு அனுப்ப முடியாது."

வார்டுக்குள்ளிருந்து கங்கம்மாவின் குரல்: "கிறிஸ்டினா பொண்ணு எங்கம்மா?"

"பாத்தியா?" என்றாள் ரம்யா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "போ. உன்னைத்தான்."