ஏழாவது கிணற்றின் மூடி

மேலே வந்த இரும்பு நாடாவில் சாக்பீஸ் பொடி நனைந்திருந்தால் அவன் கவலைப்பட்டிருக்கமாட்டான். பொடி தடவிய நாடாவைக் கிணற்றில் இறக்கி, எதுவரை நனைகிறதோ அதைக் குறிப்பதுதான் அவன் வேலை. இன்று ஒன்பது மீட்டரில் எதிலோ தட்டித் திரும்பிய நாடாவில், பொடி நான்கு இடத்தில் வழித்தெடுத்ததுபோல அழிந்திருந்தது. விரல் அகலத்துக்கு.

ஊர் குடிக்கும் தண்ணீரெல்லாம் இந்தக் காப்புக்காட்டின் அடியில்தான் ஊறியது. நடைபாதையோரம் பன்னிரண்டு அளவுக் கிணறுகள். வாரம்தோறும் நடந்துபோய் அளக்க வேண்டியவன், இரண்டு மாதமாக ஃபேனுக்கடியில் உட்கார்ந்தே, இங்கே இரண்டு சென்டிமீட்டர் கூட்டி அங்கே ஒன்று குறைத்து எழுதிவந்தான். எதைக் கேட்டாலும் ‘பார்த்தாச்சு’ என்பான். அலுவலகத்தில் அதுவே அவனுக்குப் பேராகிவிட்டது.

பாதைகளைப் பெருக்கிப் பராமரிக்கும் அக்கா தன் சாப்பாட்டில் பாதியை அவனுக்குத்தான் தருவாள். ஏழாவது கிணற்று மூடி துருப்பிடித்து ஆடுவதாக மூன்றுமுறை சொன்னாள். மூன்றுமுறையும் பார்த்தாச்சுக்கா என்றான்.

எட்டு நாளாக அக்காவைக் காணவில்லை. அவள் புருஷன் முதலில் கேட்டதே கிணறுகளைப் பற்றித்தான். ‘ஏழு, மூடி சரி’ என்று அதற்கு முந்தைய நாள்தான் இவன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். வாய் கூசாமல், “பார்த்தாச்சு மாமா” என்றான். அந்த மனிதர் நம்பிக் காட்டின் மறுகோடிக்குத் தேடப் போனார். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

இன்று சாயங்காலம்தான் வந்தான். மூடி ஓர் ஆள் விழும் அளவுக்கு விலகிக் கிடந்தது. அருகே ஒற்றைச் செருப்பு. கூப்பிடலாம், கத்தலாம்; ஆனால் கையெழுத்து கண்ணில் நின்றது. ஆழம் மட்டும் பார்ப்போம் என்றுதான் நாடாவை இறக்கினான்.

மறுபடி இறக்கினான். ஆறு மீட்டரில் தட்டியது. நான்கு விரல்.

மறுபடி. மூன்று மீட்டர். உள்ளிருந்து ஈர மண்ணும் அழுகலும் கலந்த வாடை. சுவரில் நகம் உரசும் சத்தம். குரல் இல்லை. மூச்சும் இல்லை.

பாதை வளைவில் டார்ச் வெளிச்சம். அக்காவின் புருஷன்.

“தம்பி, ஏழாவதை நல்லா பார்த்தியா?”

சொல்லிவிடலாம். இப்போதாவது. ஆனால் மூடியை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தான்.

“பார்த்தாச்சு மாமா.”

வெளிச்சம் நின்றது. திரும்பியது. மரங்களுக்குள் சிறுத்துப்போனது.

மூடி சரியாகப் பொருந்தவில்லை. குனிந்தான். அவன் தொடைக்குப் பக்கத்தில், விளிம்பைப் பற்றியபடி, சாக்பீஸ் அப்பிய நான்கு வெள்ளை விரல்கள்.