புள்ளி விழாத மெயில்

வேல்விழி வந்தபோது செபாஸ்டியன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தராக உட்கார்ந்தே முதுகு போய் ஓய்வு பெற்றவர். இனி எவருடைய பொய்யையும் கேட்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். ஆனால் அவர் மனைவி விமலாராணி வந்தவளுக்கு மோர் கொடுத்து அதற்குள் பாதிக் கதையை வாங்கிவிட்டிருந்தாள்.

"என்னங்க, எழுந்திரிங்க. பீங்கான் கம்பெனியில வேலை பாக்குற பொண்ணு. நாம போய்த்தான் ஆவணும்."

வேல்விழியின் கண்கள் வீங்கியிருந்தன. "சார், சூளை ஆறுறதுக்கு முன்னாடியே திறக்கச் சொல்லி நான் மெயில் அனுப்புனேன்னு சொல்றாங்க. அதை நம்பித்தான் அர்ச்சுனண்ணன் கதவைத் திறந்தாரு. மூஞ்சி, கையெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. முதலாளி என் பேர்ல கேஸ் குடுக்கப் போறாராம்."

"மெயில் உன் கம்ப்யூட்டர்லேர்ந்து போயிருக்கா?"

"ஆமாங்க சார். சாப்பிடப் பின்னால போயிருந்தேன். மூடாம போயிட்டேன்."

அவள் நீட்டிய அச்சுப் பிரதியைச் செபாஸ்டியன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள். எதன் முடிவிலும் புள்ளி இல்லை. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அகலமான இடைவெளி. அடுத்த வாக்கியம் சிறிய எழுத்தில் தொடங்கியது. பெருமூச்சு விட்டுச் சட்டையை மாட்டினார்.

கம்பெனியில் மேஜை, நாற்காலி எல்லாவற்றின் மேலும் வெள்ளை மண் தூசி படிந்திருந்தது. முதலாளி கோவிந்தராசு கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் இருந்தார். வேல்விழியின் அறையில் இன்னும் இரண்டு பேருக்கு இடம்: சரக்கு அனுப்பும் குமாஸ்தா செந்தமிழன், மேனேஜர் ராஜ்மோகன். ராஜ்மோகன் கையில் பொடிப்பொடிப் பொத்தான்களாக எழுத்துகள் வைத்த பழைய போன். பேசும்போதே இரு கட்டைவிரல்களும் அதில் ஓடிக்கொண்டிருந்தன.

"மெயிலு, ஆர்டரு எல்லாம் இதுலதாங்க. கம்ப்யூட்டர்ல ஒக்காந்து வருஷக்கணக்காச்சு" என்றார்.

மூவரும் முன்பு அனுப்பிய மெயில்களை விமலாராணி ஆர்வமாகப் படித்துவிட்டுக் கணவன் காதில் கிசுகிசுத்தாள். "மேனேஜர் இல்லைங்க. புள்ளி வைக்காத வரியே இல்ல. செந்தமிழன் புள்ளியே வைக்கறதில்ல. அவருதான்!"

"ரெண்டு பேரையும் அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதச் சொல்லு. அன்னைக்கு மத்தியானம் எங்க இருந்தாங்கன்னு நாலு வரி."

செந்தமிழன் ஒரு விரலால் தட்டித் தட்டி, புள்ளியுமில்லாமல் இடைவெளியுமில்லாமல் ரயில் பெட்டிபோல ஒரே கோவையாக எழுதினார். ராஜ்மோகன் வேகமாக அடித்து முடித்தார். திரையில் புள்ளி எங்குமே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு அகலமான இடைவெளி. அடுத்தது சிறிய எழுத்து.

விமலாராணி அச்சுப் பிரதியையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். செபாஸ்டியன் கையை நீட்டினார். "போனைக் கொஞ்சம் குடுங்க சார்."

ஒரு சொல்லை அடித்து, இடம் விடும் பொத்தானை இரண்டு முறை தட்டினார். புள்ளி தானாக விழுந்தது. அடுத்த எழுத்து தானாகப் பெரிதாக வந்தது.

"சாருக்குப் புள்ளி வைக்கத் தெரியாது, விமலா. போன்தான் இத்தனை நாளா வச்சிக்கிட்டிருந்துச்சு. விரல் பழகிப்போச்சு. கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டுனா ரெண்டு இடைவெளிதான் விழும். செந்தமிழனுக்கு அந்தப் பழக்கம் இல்ல. வேல்விழி புள்ளி வச்சு எழுதுற பொண்ணு. அவ கம்ப்யூட்டர்ல ஒக்காந்தது நீங்கதான்."

ராஜ்மோகன் மறுக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "லாரி வாசல்ல நிக்குது. சரக்கு எங்க, சரக்கு எங்கன்னு போன் மேல போன். சூளை ஆறியிருக்கும்னு நெனச்சேன். ஒருவேளை சரக்குல விரிசல் கண்டா என் பேரு வரக்கூடாதுன்னு... வேல்விழின்னா சின்ன ஆளு. திட்டிட்டு வுட்டுடுவாங்கன்னு நெனச்சேங்க."

"சின்ன ஆளை வுட்டுடுவாங்கன்னு யாரு சார் சொன்னது?" என்றாள் வேல்விழி. குரல் உயரவில்லை.

கோவிந்தராசு தொண்டையைச் செருமினார். "நீ நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா. இவரு விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

"வரேனா இல்லையான்னு அப்புறம் சொல்றேங்க. நான் சொல்லித்தான் கதவைத் திறந்தோம்னு அர்ச்சுனண்ணன் நெனச்சிக்கிட்டுக் கெடக்குறாரு. மொதல்ல இவரு வந்து, அண்ணன்கிட்ட தன் வாயால சொல்லட்டும்."

ராஜ்மோகன்தான் முதலில் எழுந்தார்.

ஆட்டோவில் வேல்விழி நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் விமலாராணி, மறுபக்கம் ராஜ்மோகன். செபாஸ்டியன் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தார். முதுகு வலிதான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ராஜ்மோகனின் கால் தயங்கியது.

"எந்த வார்டும்மா?" என்று கேட்டார்.

வேல்விழி முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.